அரிக்கேன்

“பையனுக்கா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ஆமாம்” என்றேன்.

எனக்குப் பையன் இல்லை. ஒரே மகள். அவள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். முனைவர் பட்டமும் இரண்டு கவிதைத் தொகுப்புகளும் வைத்திருக்கும் நான், நாற்பத்து நான்கு வயதில், ஒரு பிளாஸ்டிக் போர்விமானம் வாங்குவதற்காக அந்தக் கடையில் நின்றபடியே ஒரு மகனைப் பெற்றெடுத்தேன். என் கர்ப்பப்பையை எடுப்பதற்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தண்ணீர்க் குடம், துணி வாளி, நிறைந்த குக்கர், அரிசி மூட்டை என்று அவர் பட்டியல் போட்டபோதுதான் ஒரு நாளில் எவ்வளவு தூக்குகிறேன் என்று எனக்கே தெரிந்தது. தூக்காமல் இருக்கும் ஆறு வாரத்தில் என்ன செய்வது? படிக்கலாம், எழுதலாம். ஆனால் படிப்பதும் எழுதுவதும் எனக்கு வேலை. வேலையாக இல்லாத ஒன்றை, யாருக்கும் பயன்படாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அப்படி எதைச் செய்யத் தெரியும் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த பெண்களின் பொழுதுபோக்குகள் எல்லாமே கடைசியில் வீட்டுக்குப் பயன்படுபவை. கூடை பின்னினால் காய்கறி வாங்கப் போகலாம். தையல் கற்றால் ரவிக்கை தைக்கலாம். கோலம் வாசலுக்கு. ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளில் நூறு மணி நேரம் செலவழிக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று தேடிக்கொண்டே போனால், 1988இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணனிடம் போய் நின்றேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. பெங்களூரில் வேலை பார்த்த மாமா, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்ததென்று ஒரு பெட்டியை அவனுக்குக் கொடுத்தார். எனக்குச் சொப்புச் சாமான். பெட்டியின் மேலே பச்சையும் பழுப்புமாக ஒரு விமானம், மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது. அண்ணன் எழுத்துக்கூட்டி “ஹரிக்கேன்” என்று படித்தான். நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அரிக்கேன் என்றால் விளக்கு. அன்றைக்கு மின்சாரமும் இல்லை. அண்ணன் அரிக்கேன் விமானத்தை ஒட்ட, நான் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். “கிட்ட வராதே, பசை கொட்டிடும்” என்றான். இரண்டு மணி நேரத்தில் ஒட்டி முடித்தான். ஒரு இறக்கை கோணலாக இருந்தது. மறுநாள் அதை நூலில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டான். ஒரு மாதத்தில் மறந்தும் போனான். விளக்கின் கண்ணாடியில் படிந்த கரியை மட்டும் வழக்கம்போல நான்தான் துடைத்தேன்.

முப்பத்தைந்து ஆண்டு கழித்து நான் வாங்கியதும் ஹரிக்கேன்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. உண்மையான ஹரிக்கேனின் இறக்கை, முனைக்கு முனை 40 அடி. என்னுடையது 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. உள்ளே உட்கார வேண்டிய விமானி என் சுண்டுவிரல் நகக்கணுவைத் தாண்டமாட்டான். அவனை நான் ஒட்டவேயில்லை.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்திருந்தாள். ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் மலைப்பாதை தொடங்கும் இடம் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வரும் வண்டிகளின் பிரேக் சூடேறிய வாசம் இரவில் வீட்டுக்குள் வரும். அந்த ஜன்னலோரம் மேசையைப் போட்டுப் பெட்டியைப் பிரித்தேன். சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். ஒவ்வொரு சட்டத்திலும் பழக்குலையில் காய் ஒட்டியிருப்பதுபோல விமானத்தின் பாகங்கள். ஒவ்வொன்றையும் நறுக்கி, பிசிறை அரத்தால் ராவி, பொருந்துகிறதா என்று பார்த்து, பசை தொட்டு ஒட்ட வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. வெளிநாட்டுக் காணொளிகளில் ஆண்கள் விலையுயர்ந்த கருவிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து மலைத்துப் போயிருந்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தன் துணிப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்தாள். அதற்குள் குறடு, மூன்று அரம், இரண்டு சாமணம்.

அம்மா இருபத்தாறு ஆண்டுகள் கொலுசு வேலை செய்தவள். சேலத்துக் கொலுசு இந்தியா முழுக்கப் போகிறது. அதன் கண்ணிகளில் பெரும்பகுதி வீடுகளில், பெண்களின் மடியில் கோக்கப்படுகிறது. செவ்வாய்பேட்டைப் பட்டறையிலிருந்து எடை போட்டு வாங்கி வந்து, சமையலுக்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் நடுவில் கோத்து, பத்தவைத்து, திரும்ப எடை போட்டுக் கொடுப்பாள். கடுகளவு மணியைச் சாமணத்தால் எடுத்து நெருப்பின் முன்னால் நிறுத்தும்போது அவள் கை அசைந்து நான் பார்த்ததில்லை. அதற்கு எடைக்குக் கூலி. அதை யாரும் திறமை என்று சொன்னதில்லை; “பொம்பளைங்க வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல செய்யற வேலை” என்றார்கள். அதே சாமணம், அதே அரம், அதே குனிந்த முதுகு. ஒருவர் மடியில் வைத்துச் செய்தால் கூலி வேலை, இன்னொருவர் மேசையில் வைத்துச் செய்தால் கலை. என் அம்மாவின் தகர டப்பாவை மேசையில் வைத்த நாள்தான் எனக்கு இது உறைத்தது. கவிதைகளில் கொலுசொலியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், சாமணத்தை ஒரு முறைகூட எழுதியதில்லை.

அந்த ஆறு வாரத்தில் நான் ஹரிக்கேனைப் பற்றி நிறையப் படித்தேன். ஒரு ஆய்வாளருக்கு அது கெட்ட பழக்கம். 1935 நவம்பரில் முதலில் பறந்தது. வடிவமைத்தவர் சிட்னி காம். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கொஞ்சம் தோண்டினால் எல்சி மெக்கில் வருகிறார். கனடாக்காரர். 1929இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற பெண். அந்தப் படிப்பில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். பட்டம் பெறும் காலத்திலேயே போலியோ தாக்கியது. அதன்பின் ஊன்றுகோல்களோடுதான் நடந்தார். போர் வந்தபோது ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில், ரயில் பெட்டிகள் செய்த ஒரு நிறுவனத்தின் தலைமை விமானப் பொறியாளராக இருந்தார். அங்கே அவர் மேற்பார்வையில் 1,400க்கும் மேற்பட்ட ஹரிக்கேன்கள் உருவாயின. தொழிலாளர்களில் பெருந்தொகையினர் பெண்கள். 1942இல் அவரை ‘ஹரிக்கேன்களின் ராணி’ என்று சித்திரக்கதையே போட்டார்கள். போருக்குப் பின் கனடாவில் பெண்களின் நிலையை ஆராய அரசு ஆணையம் அமைத்தபோது அதில் உறுப்பினராக இருந்தார்.

அவரோடு இன்னும் சிலர் வந்தார்கள். மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும்போது ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சின் திக்கித் திணறும். 1941இல் எரிபொருள் வழியில் வைக்கச் சிறு துளையுள்ள ஒரு உலோக வளையத்தைச் செய்து அதைப் பெரும்பாலும் சரிசெய்தவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர். 1941 ஜூலையிலிருந்து, ஆலையிலிருந்து படைத்தளத்துக்கு ஹரிக்கேன்களை ஓட்டிச் சேர்க்கும் பிரிட்டிஷ் துணைப்படையில் பெண்களும் அவற்றை ஓட்டினார்கள். 1943இல் அவர்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்தது.

இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “எடைக்குக் கூலியா, மாசச் சம்பளமா?” என்று கேட்டாள்.

வர்ணம் அடிக்கும் கட்டம் வந்தது. மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும். இறக்கைகளில் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு என்று வட்டச் சின்னம். என் விமானத்தை நான் 1943 வாக்கில் இந்தியாவில் பறந்ததாக வைத்துக்கொண்டேன். அன்றைய இந்திய விமானப்படை ஹரிக்கேன்களை ஓட்டியது. 1944இல் இம்பால் போரில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்தவை அவைதான். ஆனால் ஜப்பான் போருக்கு வந்தபின், இந்தப் பக்கம் பறந்த விமானங்களின் சின்னத்திலிருந்து நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானிய விமானங்களின் சின்னம் சிவப்புச் சூரியன். தூரத்திலிருந்து பார்த்தால் நம்முடையதா அவர்களுடையதா என்று குழப்பம் வரும். அதனால் என் ஹரிக்கேனின் சிவப்புப் பொட்டையும் வெள்ளை வர்ணம் தொட்டு மறைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். “அதுக்குமா பொட்டழிக்கிறே?” என்றாள்.

அப்பா இறந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பத்தாம் நாள் அம்மாவின் பொட்டை அழித்தபோது நான் அந்தக் கூட்டத்தில் நின்றேன். பெண்ணியம் பேசும் பேராசிரியை, ஊர்ப் பெண்களுக்கு நடுவில் வாய் திறக்காமல் நின்றேன். அம்மா கேலியாகத்தான் சொன்னாள். எனக்குத் தூரிகை நகரவில்லை. “நீ ஏம்மா அன்னிக்கு வேண்டாம்னு சொல்லலே?” என்றேன். “நீ சொல்லுவேன்னு பாத்தேன்” என்றாள். பிறகு அடுப்பில் பால் வைத்திருப்பதாக எழுந்து போனாள்.

இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேனோ என்று தோன்றுகிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

மாதிரி விமானம் செய்பவர்களுக்கு வர்ணம் அடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியை ‘வெதரிங்’ என்கிறார்கள். புத்தம்புதுப் பொம்மையாக இருப்பதை, வெயிலும் மழையும் பட்டு, மனிதர்கள் ஏறி இறங்கி, எண்ணெய் ஒழுகி, புகை படிந்த ஒன்றாக மாற்றுவது. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பழசாக்குதல் சரியில்லை. அம்மாதான் சொன்னாள்: “நாள்பட்ட பொருள் மாதிரி பண்ணணும்னு சொல்லு.” நாள்படுத்துதல் என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் தவறு செய்தேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, வெள்ளி வர்ணத்தில் தொட்டு, விமானம் முழுக்க ஒற்றினேன். வர்ணம் உரிந்து உள்ளே உலோகம் தெரிவதுபோல இருக்கும் என்று காணொளியில் பார்த்தது. எல்லா இடத்திலும் அழகாக உரிந்திருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, “இது என்ன, முழுசும் தகடா?” என்றாள்.

இல்லை. ஹரிக்கேனில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே அதுதான். முன்பாதிதான் உலோகத் தகடு. விமானியின் இருக்கைக்குப் பின்னால், வால் வரைக்கும், மரச்சட்டங்களின் மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணி. துணியைப் போர்த்தி, தைத்து, மேலே ஒரு பூச்சைத் தடவி முறுக்கேற்றியிருப்பார்கள். விமானத் துணியைத் தைப்பது முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே ஆலைகளில் பெண்கள் கைக்கு வந்த வேலை. பாதி தகடு, பாதி துணி. நான் துணியின் மேலும் வெள்ளி உரித்துவிட்டிருந்தேன்.

“துணியும் தகடும் ஒரே மாதிரி தேயாது கண்ணு” என்றாள் அம்மா.

அவளைவிட அதைத் தெரிந்தவர் யார்? தகடு தேய்வதை இருபத்தாறு ஆண்டு கொலுசில் பார்த்தவள். கொலுசில் கணுக்கால் உரசும் இடம் பளபளக்கும், எதுவும் தொடாத இடுக்கு கறுத்துப் போகும். பழங்கொலுசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுக் கழுவும்போதே அதைப் போட்டிருந்தவள் எப்படி நடப்பாள் என்று சொல்வாள். துணி தேய்வதை அப்பாவின் காக்கியில் பார்த்தவள். அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை செய்தார். மலைக்கு இந்தப் பக்கம் தரையெல்லாம் மேக்னசைட். தூரத்திலிருந்து பார்த்த வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்பு என்று நினைத்து ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இரும்பு உலைக்கு உள்ளே பூசத் தீச்செங்கல் செய்ய அந்தக் கல் போகிறது. அதன் தூசி எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாவின் கால்சட்டையில் முட்டி முதலில் வெளுக்கும், பிறகு பின்பக்கம், பிறகு தோளில் கூடை உட்காரும் இடம். துணியில் வர்ணம் உரியாது. வெளுக்கும், நூல் தெரியும், உள்ளே இருக்கும் எலும்பு தெரியும்.

துணிப் பகுதியை மறுபடி வர்ணம் அடித்தேன். இம்முறை வெளுக்க மட்டும் விட்டேன். உள்ளே மரச்சட்டங்கள் ஓடும் கோடுகளில் கொஞ்சம் வெளிறல். அம்மா விரல் வைத்துக் காட்டிய இடங்களில் மட்டும் வெள்ளி: இறக்கை உடலோடு சேரும் இடம், மூடிகளின் ஓரம், எரிபொருள் ஊற்றும் வாய். “இங்கதானே ஏறுவாங்க? இங்கதானே கை வைப்பாங்க?” அப்போது ஒன்று புரிந்தது. விமானத்தில் தேய்மானம் விழும் இடங்கள் பெரும்பாலும் விமானி தொடும் இடங்கள் அல்ல. அவன் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குகிறான். மூடியைத் திறந்து, எண்ணெய் ஊற்றி, குண்டு நிரப்பி, கண்ணாடி துடைத்து, இரவெல்லாம் இறக்கையின்மேல் மண்டியிட்டவர்களின் தடம்தான் விமானம் முழுக்க இருக்கிறது. பெயர் தெரிந்தவன் பறந்தான், பெயர் தெரியாதவர்கள் தேய்த்தார்கள். எங்கள் வீட்டு அம்மிக்கும் அதே கதைதான்.

எங்கள் மலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கரும்பாறையால் ஆனது. மழையும் வெயிலும் பல லட்சம் ஆண்டுகள் அந்தப் பாறையில் கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக் கொண்டுபோன பிறகு, மேலே எஞ்சி நின்ற செம்மண்தான் பாக்சைட். அதாவது நாள்பட்ட பாறை. அலுமினியம் அதிலிருந்து வருகிறது. 1965இல் மேட்டூரில் அலுமினிய ஆலை தொடங்கியபின் இந்த மலையின் பாக்சைட்டும் அங்கே போனது. சிவப்பு மண் லாரிகள் இறங்குவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். போர்க்கால ஹரிக்கேனின் இறக்கைத் தகட்டில் எங்கள் மலை இல்லை. ஆனாலும் நாள்படுவது இழப்பு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, வயிற்றில் தையலோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்த எனக்கு, எதிரே நின்ற மலை வேறொன்றைச் சொல்லியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகப் புகை. எஞ்சினின் இரண்டு பக்கமும் புகைக்குழாய் வரிசை. அதிலிருந்து பின்னோக்கிப் படியும் கறைக்கு எல்லாரும் விலை கொடுத்துக் கரித்தூள் வாங்குகிறார்கள். நான் பரணிலிருந்த அரிக்கேன் விளக்கை இறக்கி, ஏற்றி, திரியைத் தூண்டிவிட்டுக் கண்ணாடியில் கரி பிடித்தேன். அதைத் தூரிகையில் தொட்டு இழுத்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், கரி எங்கே தடித்து எங்கே மெலியும் என்பதெல்லாம் ஒன்பது வயதிலேயே தெரியும். பிறகு இறக்கையின் முன்விளிம்பிலிருக்கும் துப்பாக்கித் துளைகள். பறக்கும்முன் அவற்றின் மேல் துணிப்பட்டை ஒட்டியிருப்பார்கள். சுட்டால் அது கிழிந்து போகும். பட்டை கிழிந்திருந்தால் அந்த விமானம் சுட்டுவிட்டு வந்திருக்கிறது என்று பொருள். நான் கிழித்தேன். ஒவ்வொரு துளையிலிருந்தும் இறக்கையின் குறுக்கே மெல்லிய கரிக்கோடு இழுத்தேன். விமானத்திலேயே அழகான இடம் அதுதான் என்று எனக்குப் பெருமை.

அந்த வாரம்தான் என் மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். சேலம் மாவட்டத்து ஈழத் தமிழர் முகாம் ஒன்றில் வளர்ந்தவள். அவள் குடும்பம் முல்லைத்தீவுப் பக்கம். 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். அதற்கடுத்த மாதம் அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா படகேறினார். வகுப்பில் அவள் எங்கள் தமிழ்தான் பேசுவாள். மனம் கலங்கினால் மட்டும் அவர்கள் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தாள். தொடவில்லை. வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“இதை ஏன் மேம் இவ்வளவு வடிவாச் செய்யுறீங்க?”

நான் ஆசிரியை. உடனே பாடம் நடத்தினேன். இது உங்கள் ஊரைத் தாக்கிய விமானம் இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது அவற்றைக் காக்க எழுந்த விமானம் இதுதான், சீனக்குடாவிலிருந்து பறந்தது. அந்த மாதம்தான் பயத்தில் சென்னைப் பட்டணமே காலியானது என்று, அம்மாயி சொல்லக் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன். எல்லாம் உண்மை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கீழ நிக்கிற ஆக்களுக்கு அது எப்பிடி மேம் தெரியும்?” என்றாள்.

போர்க்காலத்தில் இந்த எழுபத்திரண்டில் ஒரு பங்கு மாதிரிகள் விளையாடுவதற்காக மட்டும் செய்யப்படவில்லை. வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று ஒரு பார்வையில் சொல்லப் படைவீரர்களையும் கண்காணிப்பாளர்களையும் பழக்குவதற்கு அவற்றைப் பயன்படுத்தினார்கள். 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரிகள் செய்துதரச் சொல்லிக் கேட்டது. அவள் அம்மாவுக்கு அப்படி எந்த மாதிரியும் தேவைப்படவில்லை. சகடை, பொம்மர், கிபிர் என்று சத்தத்தை வைத்தே சொல்வாராம். எது வந்தால் பதுங்குகுழிக்கு ஓட எவ்வளவு நேரம் இருக்கும் என்பதும் தெரியுமாம். இன்றைக்கும் முகாமுக்கு மேலே ஹெலிகாப்டர் போனால் வெளியே காயவைத்த துணியை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாராம். “சின்னதுல எனக்கு பொம்மைக்கும் பொம்மருக்கும் வித்தியாசம் தெரியாது மேம். பொம்மை வாங்கித் தாறேன் எண்டா அழுவேனாம்.”

அவள் போன பிறகு நான் இரண்டு நாள் மேசைப் பக்கம் போகவில்லை.

2016 ஜூனில் மூன்று பெண்கள் இந்திய விமானப்படையின் போர்விமானிகளானபோது வகுப்பில் இனிப்புக் கொடுத்தவள் நான். எல்சி மெக்கில்லைப் பற்றிப் படித்த இரவு மகிழ்ச்சியில் தூக்கம் வராதவள் நான். அந்த மகிழ்ச்சியை இப்போதும் திருப்பிக் கொடுக்கத் தயாராக இல்லை. பெண்ணால் முடியாது என்று பூட்டப்பட்ட எந்தக் கதவு திறந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பதை அந்தச் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். ஊன்றுகோலோடு நின்று ஒரு பெண் 1,400 விமானங்களை உருவாக்கினாள் என்பதும், அந்த விமானங்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தலைக்கு மேல் பறந்தன என்பதும் ஒரே வரலாறு.

விமானத்தை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தேன். வெயில் இருந்தது, மழை இருந்தது, எண்ணெய் இருந்தது. ஏறியவர்கள், துடைத்தவர்கள், தைத்தவர்கள் எல்லாருடைய தடமும் இருந்தது. கீழே நின்றவர்களின் தடம் மட்டும் எங்கும் இல்லை. எவ்வளவு திறமையாக நாள்படுத்தினாலும் அது வராது. அவர்கள்மேல் விழுந்தது எதுவும் மேலே திரும்பி வந்து ஒட்டிக்கொள்வதில்லை. நான் பெருமைப்பட்ட அந்தக் கரிக்கோடுகள் மட்டும்தான் மிச்சம். அதையும் நான் அழகு என்று நினைத்திருந்தேன்.

அழித்துவிடலாமா என்று நினைத்தேன். துளைகளின் மேல் சிவப்புப் பட்டையைத் தீட்டிவிட்டால் இந்த விமானம் ஒருமுறைகூடச் சுடவில்லை என்றாகிவிடும். அது பொய். பொட்டழித்தபோது சும்மா நின்றதைப் போல இன்னொரு பொய். அவளிடமே தொலைபேசியில் கேட்டேன், விட்டுவிடட்டுமா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “முடிச்சிடுங்க மேம். ஆனா மேலே தொங்க விடாதீங்க.”

அண்ணன் செய்ததைப் போல நைலான் நூலில் கட்டி ஜன்னலுக்கு மேலே தொங்கவிடுவதாகத்தான் இருந்தேன். அவளுக்கு நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

சக்கரங்களை இறக்கி ஒட்டினேன். சக்கரத்தில் எங்கள் ஊர் வெள்ளைக்கல் தூசியைப் பூசினேன். புத்தக அலமாரியின் கடைசித் தட்டில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். அந்தக் கரிக்கோடுகள் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் “யார் செஞ்சது?” என்று கேட்டால், “நானும் அம்மாவும்” என்கிறேன். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து என் கண்ணாடி முன்னால் நின்று என் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். நானும் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் அந்தத் தட்டைத் துடைக்கிறாள். விமானத்தை எடுத்து, முந்தானையால் தூசி தட்டி, திரும்ப வைக்கிறாள். போன வாரம் குனிந்து பார்த்தேன். இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், நான் வெள்ளி தொடாத ஒரு இடத்தில், பச்சை போய் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தெரிகிறது. அம்மா பெருவிரல் வைத்துத் தூக்கும் இடம்.